சின்னக் காருக்குள் ஒரு சைக்கிள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாக, தொலைவிலிருந்து வரும் மாணவிகளுக்குத் துவிச்சக்கரவண்டிகள் கையளிக்கப்பட்ட வைபவத்தில், 1996ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர அணியின் சார்பில், அவ்வணியைச் சேர்ந்த வைத்தியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நிர்வாக சபை எங்களுக்குத் தந்த தலைப்பு 'பெண்கல்வியும் சுகாதாரமும்'. நல்ல தலைப்புத்தான். ஆனால் அதைப்பற்றி இந்த மண்டபத்தில் எங்களைவிடத் தகுதியானவர்கள் பலர் பேசியிருக்கிறார்கள். இனியும் பேசுவார்கள். வெளியே பந்தலின் கீழ், சீற்றில் சுற்றிய பொலித்தீன்கூடக் கழற்றாமல் வரிசையாக நிற்கிற சைக்கிள்களைப் பற்றிப் பேசுவதுதான் இன்றைக்குப் பொருத்தம் என்று எங்கள் அணிக்குப் பட்டது. இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு சைக்கிளை ஒரு சின்னக் காருக்குள் எப்படி வைப்பது என்பதைப் பற்றி. தலைப்பை மாற்றிக்கொள்ளச் சம்மதித்த செயலாளர் அக்காவுக்கு நன்றி. அவ முதலில் நாங்கள் பகிடி விடுகிறோம் என்று நினைத்தா.

எங்கள் அணிக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. கிளிநொச்சியில் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள், லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று போனவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும்தான் வரும். ஒரு நாள் லண்டன்காரியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. நிதி சேர்க்கும் சைக்கிள் ஓட்டம் ஒன்றுக்கு அவள் பெயர் கொடுத்துவிட்டாள். ஓட்டம் வேறு ஊரில். வீட்டிலிருந்த பெரிய வாகனத்தை மகன் கொண்டுபோய்விட்டான். மிஞ்சியிருந்தது, கணவர் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே வாங்கிக்கொண்ட மஸ்டா எம்.எக்ஸ். 5. இரண்டே இருக்கை. பின்னால் இருக்கை என்ற பேச்சே இல்லை. டிக்கியின் கொள்ளளவு 130 லீற்றர். அதற்குள் இரண்டு பயணப்பை வைத்தால் சரி. "சைக்கிளை என்னெண்டடி இதுக்குள்ளை வைக்கிறது?" என்று படத்தோடு கேட்டிருந்தாள்.

கேட்ட இடம் சரியான இடம். பத்து நிமிடத்துக்குள் பதில்கள் வந்து விழுந்தன. "கூரையைத் திறக்கலாமோ?" "சீற்றை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிச் சரி." "முன்சில்லைக் கழட்டு. காணாட்டிப் பின்சில்லையும் கழட்டு." "செயின் பக்கம் மேலை இருக்க வேணும், இல்லாட்டி அவற்றை சீற் கறுத்துப்போம், பிறகு உன்ரை பாடு." "பழைய பெட்சீற் ஒண்டு விரி." "பெடலைக் கழட்ட மறந்திடாதை, அதுதான் கதவிலை இடிக்கும்." அக்கராயனில் இப்போது ஆசிரியையாக இருக்கும் எங்கள் தோழி ஒரு தாளில் படமே கீறி அனுப்பினாள். மறுநாள் காலை லண்டனிலிருந்து படம் வந்தது. கூரை திறந்த காருக்குள், முன்கவர் கால் வைக்கும் இடத்துக்குள் இறங்க, பெட்சீற் போர்த்து, சீற் பெல்ற் போட்டு, புதுப்பெண் மாதிரிச் சைக்கிள் இருந்தது. இரண்டு சில்லும் அதன் மடியில்.

அன்றைக்குச் சிரித்தோம். பிறகுதான் யோசித்தோம். எம்.எக்ஸ். 5 காரை எங்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் கண்டதில்லை. இருந்தும் எல்லோருக்கும் விடை தெரிந்திருக்கிறது. எங்கே படித்தோம்?

பாடப் புத்தகத்தில் இல்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் தென்மராட்சியிலிருந்தும் ஒரு பகுதிச் சனம் கிளாலியால் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தது. அப்படி வந்தவர்களில் சிலர் எங்கள் வகுப்பில் சேர்ந்தார்கள். அவர்களோடு அவர்களுடைய சைக்கிள்களும் படகில் வந்தன. ஆனையிறவுப் பாதை மூடியிருந்த அந்த வருடங்களில் கிளாலிப் பயணம் எப்படிப்பட்டது, அதில் எத்தனை பேர் கரை சேரவில்லை என்பது இங்கிருக்கும் மூத்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் விரித்துச் சொல்லத் தேவையில்லை. படகில் ஆளுக்கே இடமில்லை. ஆனாலும் சைக்கிளை விட்டுவிட்டு வர ஒருவரும் தயாராக இல்லை. ஹான்டிலைத் திருப்பி, ஒன்றின் தலையும் மற்றதன் வாலுமாக மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, ஒன்றின் பெடலை மற்றதன் சட்டத்துக்குள் கொளுவி ஏற்றினார்களாம். கரையில் இறக்கியதும் முதல் வேலை, நல்ல தண்ணீரால் கழுவிச் செயினுக்குக் கழிவு ஒயில் பூசுவது. உப்புத் தண்ணீர் பட்ட செயின் ஒரு கிழமையில் இறுகிவிடும்.

பிறகு எங்கள் முறை வந்தது. 1996 யூலைக் கடைசியில் தொடங்கி, செப்டெம்பருக்குள் கிளிநொச்சி நகரம் வெறுமையாகிவிட்டது. நாங்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறினோம். டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவர்கள் நாங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் நெல்மூட்டை, பிறகு அடுப்படிச் சாமான், அதற்கு மேல் கிழவர்களும் குழந்தைகளும். சைக்கிளுக்குப் பெட்டிக்குள் இடமில்லை. பெட்டியின் பலகையில் ஹான்டிலைக் கொளுவி வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டு, பழைய ரியூப்பை நீளமாகக் கிழித்த பட்டியால் இழுத்துக் கட்டுவார்கள். அந்த ரியூப் பட்டிக்கு ஈடான கயிறு இன்றுவரை உலகத்தில் வரவில்லை என்பது எங்கள் அணியின் ஒருமித்த கருத்து. கயிறு குலுக்கலில் தளரும். ரியூப் தளராது.

கார்களும் இருந்தன. பெற்றோல் இல்லாத காலம். நான்கைந்து சொட்டுப் பெற்றோலைக் காட்டி உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் கார்களைப் பார்க்காதவர்கள் எங்கள் வயதில் வன்னியில் இருக்க மாட்டார்கள். வெள்ளைப் புகை, கண் எரியும். நோயாளியைக் கொண்டுபோவதற்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். நோயாளியோடு கூடப் போகிறவர் திரும்பி வருவதற்குச் சைக்கிள் வேண்டும். கார் திரும்பி வருமோ என்பது மண்ணெண்ணெயைப் பொறுத்தது. எனவே டிக்கி மூடியைத் திறந்து வைத்து, சைக்கிளின் பின்பாதியை உள்ளே தள்ளி, முன்சில்லைக் கழற்றிப் பின்சீற்றில் நோயாளியின் காலடியில் வைப்பார்கள். சின்னக் காருக்குள் சைக்கிள் வைக்கும் முதற்பாடம் எங்களுக்கு அங்கேதான் நடந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. 1948இல் வந்த மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1959இல் வந்த மினி காரும் அவருடையதுதான். அந்த மினியின் சில்லுகளுக்கு உருக்குச் சுருளுக்குப் பதிலாக றப்பரில் குலுக்கல் தாங்கி செய்து கொடுத்தவர் அலெக்ஸ் மோல்ற்றன் என்ற பொறியியலாளர். அதே மோல்ற்றன் 1962இல் சின்னச் சில்லுகளோடு ஒரு சைக்கிளை வெளியிட்டார். அதில் ஒரு வகை, நடுவில் கழற்றினால் இரண்டு துண்டாகிக் கார் டிக்கிக்குள் போகும். சின்னக் காருக்கு உதவிய மனிதரே அதற்குள் போகக்கூடிய சைக்கிளையும் செய்தார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் பராசூட் படைக்கு மடிக்கிற சைக்கிள் செய்து கொடுத்தார்கள். எங்களுக்கு மடிக்கிற சைக்கிளும் இல்லை, துண்டாகிற சைக்கிளும் இல்லை. இருபத்தெட்டு அங்குலச் சில்லுப் போட்ட, முழுநீளம் ஆறடிக்குக் கிட்ட வரும் பார் சைக்கிள்தான் இருந்தது. அதைத்தான் ஒரு சாவியை வைத்து மடித்தோம்.

அந்தச் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் கொஞ்சம் கவனியுங்கோ. நாயின் எலும்பு மாதிரி இரண்டு பக்கமும் தலை உள்ள, தலைக்கு நாலைந்து கண் உள்ள சாவி. சைக்கிள் கடையில் கேட்டால் தருவார்கள். முன்சில்லின் இரண்டு நட்டையும் அதனால் தளர்த்தலாம். நட்டை முழுக்கக் கழற்றிச் சட்டைப் பையில் போடாதீர்கள். சில்லைக் கழற்றியதும் வாசரையும் நட்டையும் அதே அச்சில் திரும்பப் பூட்டி வையுங்கள். மண்ணில் விழுந்த வாசரைத் தேடி அழுத அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. முன்சில்லு கழன்றால் நீளத்தில் ஓர் அடிக்கு மேல் குறைந்துவிடும். மோட்டார் காருக்கு அந்த ஓர் அடிதான் கணக்கு. அடுத்தது ஹான்டில். நடுவில் உள்ள நட்டைத் தளர்த்தி, மேலே ஒரு பலகைத் துண்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் இளகும். சட்டத்தோடு ஒட்டித் திருப்பிவிடலாம். உங்களுக்கு இன்றைக்குத் தரப்படுபவை வயர் பிரேக் உள்ளவை, ஆகவே இது சுலபம். அப்பப்பாவின் பழைய கம்பி பிரேக் சைக்கிளில் கம்பியைக் கழற்றாமல் ஹான்டிலைத் திருப்ப முடியாது, வளைந்துவிடும்.

பெடலில்தான் எல்லோரும் தோற்பார்கள். பெரிய ஆண்களும் தோற்பார்கள். வலது பெடலின் புரி வழமையான புரி. இடது பெடலுக்குப் புரி எதிர்ப்பக்கம். அதை அறியாமல் வழமைபோலத் திருகினால் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டிருப்போம். ஒரு சூத்திரம் சொல்கிறோம். சாவியைப் பெடலில் கொளுவி, அதன் பிடி வானத்தைப் பார்த்து நிற்கட்டும். பிறகு பின்சில்லுப் பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் இதுதான். பின்னுக்குத் தள்ளினால் கழரும், முன்னுக்குத் தள்ளினால் இறுகும்.

ஓட்டோவில் ஏற்றுவது வேறு விதம். பெரும்பாலான ஓட்டோக்களுக்கு வலது பக்கம் கம்பி அடைப்பு இருக்கும். இடது பக்கத்தால்தான் வழி. பின்சில்லை முதலில் விட்டு, முன்சில்லு கழற்றிய கவர் வாசல் பக்கம் வரவேண்டும். கவர் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கு ஒரு துணியைச் சுற்றுங்கள். எதிரே வருகிறவனுக்கும் காலும் கையும் இருக்கிறது.

திரும்பப் பூட்டும்போது, இதை வைத்தியர்களாகச் சொல்கிறோம், சில்லு இரண்டு கவருக்கும் நடுவில் நிற்கிறதா, நட்டு இரண்டும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, சில்லின் மேல் கையால் ஒரு அடி அடியுங்கள். ஆடினால் ஏறாதீர்கள். அவசரத்தில் பூட்டிய முன்சில்லு ஓட்டத்தில் கழன்று முகங்குப்புற விழுந்தவர்களுக்கு நாங்கள் தையல் போட்டிருக்கிறோம்.

ஏன் இவ்வளவு விலாவாரியாக என்று கேட்பீர்கள். எங்கள் அணியில் வைத்தியத்துறைக்கு வந்தவர்கள் இருவர். மருத்துவமனைப் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம். கிராமப் பக்கத்து வெளிநோயாளர் பிரிவில் நெஞ்சுவலியோடு ஒரு ஐயா வந்து உட்காருகிறார். பார்த்தவுடனேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிகிறது. அம்புலன்ஸ் ஆயத்தம். ஐயா எழும்ப மாட்டார். வாசலையே எட்டி எட்டிப் பார்ப்பார். "என்ன ஐயா?" என்றால், "பிள்ளை, சைக்கிள் வெளியிலை நிக்குது." இது ஒருவரின் கதையல்ல. எத்தனையோ பேர். புடையன் கடித்த காலோடு சைக்கிள் மிதித்து வந்தவர்களும் உண்டு. கடிபட்ட காலை அசைக்கவே கூடாது என்று நாங்கள் தொண்டை வற்றச் சொல்லுகிறோம். ஆனால் வயலில் சைக்கிளை விட்டுவிட்டு அடுத்தவர் மோட்டார் சைக்கிளில் ஏறி வர மனம் வராது. விடுதியில் படுத்திருந்து, சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் "ஒருக்கா வீட்டை போட்டு வாறன்" என்று துண்டு கேட்பவரைக் கிண்டிக் கேட்டால், சைக்கிள் யாரோ ஒருவரின் வேலியில் சாத்தி இருக்கும்.

படித்தவர்கள் சிலர் இதை அறியாமை என்பார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்தச் சைக்கிள் போனால் நாளைய வேலையும் போகும். 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து, வெறும் காணியில் மறுபடி தொடங்கிய குடும்பங்களில் முதல் வாங்கிய பொருள் பெரும்பாலும் சைக்கிள்தான். முள்ளிவாய்க்கால் பக்கம் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தவற்றுக்குள் தன்னுடையதைத் தேடிப் போனவர்களை எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவரிடம் "சைக்கிள் போனால் போகட்டும், ஏறுங்கோ" என்று சொல்வது சுலபம்.

ஐயாமார் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களை இந்த மேடைக்கு இந்தக் கதையோடு கொண்டுவந்தது ஒரு பிள்ளை. அவளிடமும் தாயிடமும் கேட்டுத்தான் சொல்கிறோம். நம் பாடசாலைப் பிள்ளை அல்ல, ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளை. உயர்தரம் படிக்கிறவள். ஒரு பொது அமைப்புக் கொடுத்த புதுச் சைக்கிள், கிடைத்து மூன்று மாதம். பின்னேர ரியூசனில் தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கிறது. சத்தியும் வந்திருக்கிறது. படிப்பித்த சேர் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். சின்னக் கார். "சைக்கிளை நாளைக்கு எடுக்கலாம், ஏறு பிள்ளை" என்றிருக்கிறார். ரியூசன் கொட்டிலுக்குக் கதவும் இல்லை, வேலியும் இல்லை. பிள்ளை, "இல்லை சேர், சுகமாயிட்டுது" என்று சொல்லிவிட்டு, அந்த வயிற்றோடு ஒன்பது கிலோமீற்றர் மிதித்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். இரவு முழுக்க வலி. பிறகு வலி குறைந்ததுபோல இருந்திருக்கிறது, அதுதான் கெட்ட அறிகுறி. மறுநாள் மத்தியானம் எங்களிடம் வரும்போது குடல்வால் வெடித்து, வயிறு பலகைபோல இறுகியிருந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. பிழைத்தாள். இரண்டு கிழமைக்கு மேல் விடுதியில் இருந்தாள். அந்தத் தவணைப் பரீட்சை போயிற்று.

கண் விழித்துப் பேசத் தொடங்கிய அன்று, ஏன் பிள்ளை சேரோடு வரவில்லை என்று கேட்டோம். "சைக்கிளை எங்கை டொக்டர் விடுறது? துலைஞ்சா அம்மா என்ன செய்வா?" என்றாள். அந்தச் சேரையும் குறை சொல்ல முடியாது, பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. ஒரு சாவியும், பத்து நிமிட வேலையும் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் சைக்கிளும் காருக்குள் ஏறியிருக்கும், பிள்ளையும் ஏறியிருப்பாள்.

அந்தச் சின்னக் காரில் ஏறாது என்று சொல்லாதீர்கள். ஏறும். 2022இல் எரிபொருள் இல்லாத நாட்கள் நினைவிருக்கும். கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. எங்களில் வைத்தியர் இருவரும் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்து வேலைக்கு வந்து போனோம். ஒருத்திக்குக் கிளிநொச்சி, மற்றவளுக்குப் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் உள்ளே போக வேண்டும். இரண்டு காரும் ஓடினால் புதன்கிழமையோடு எண்ணெய் முடியும். ஒருத்தியின் ஓல்ரோ காருக்குள், மூன்றரை மீற்றர்கூட நீளமில்லாத கார், பின்சீற்றை மடித்துச் சைக்கிளை வைத்தோம். ஒரு கார், இரண்டு பேர், ஒரு சைக்கிள். பரந்தன் சந்தியில் இறக்கி, முன்சில்லைப் பூட்டி, ஒருத்தி உள்ளே மிதிப்பாள், மற்றவள் ஏ-9 வழியே கிளிநொச்சிக்குப் போவாள். பின்னேரம் மறுபடி கழற்றி ஏற்றுவோம். முதல் நாள் கால் மணித்தியாலம் எடுத்தது. ஒரு மாதத்தில் மூன்று நிமிடம். சந்தியில் தேநீர்க் கடைக்கார அண்ணை ஒரு நாள் "டொக்டர்மார் சைக்கிள் கடை போட்டா எங்கடை பாடு கஷ்டம்" என்றார்.

ஆகவே எங்கள் அணி இந்த நூற்றாண்டில் சங்கத்துக்கு வைக்கும் கோரிக்கை பெரியதல்ல. இன்றைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சைக்கிளோடும் அந்தச் சாவி ஒன்றும், ரியூப் பட்டி இரண்டும், நல்ல பூட்டு ஒன்றும் போக வேண்டும். சாவிக்கும் பூட்டுக்குமான செலவை லண்டன்காரியும் ரொறன்ரோக்காரிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ரியூப் இலவசம், ஊர் முழுக்கக் கிடக்கிறது. கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவதோடு நிறுத்தக்கூடாது. பிள்ளைகளுக்குக் கழற்றிப் பூட்டக் கற்றுக் கொடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை போதும். படம் எடுப்பதில் எங்களுக்கு ஒரு பகையும் இல்லை, நாங்களும் நிற்கிறோம்.

அடுத்தது கொஞ்சம் காசுக் காரியம். இந்தச் சைக்கிள் பெறும் பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போய், வழியில் சைக்கிளை விட்டுவிட்டு வரவேண்டி வந்து, அது தொலைந்தால், சங்கம் மறு சைக்கிள் வாங்கித் தரும் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நிதியை ஒதுக்கி வைப்போம். எங்கள் அணி தொடக்கி வைக்கிறது. யாராவது இதைப் பாவித்து ஏமாற்றுவார்களே என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டா. வருடத்துக்கு ஒரு சைக்கிள் அப்படிப் போகட்டும் அக்கா. வெடித்த குடல்வாலைவிட அது மலிவு.

யாருடைய வாகனத்தில் ஏறுவது என்பதையும் பேசத்தான் வேண்டும், பெண்பிள்ளைகள் விஷயம். கண்ட கண்ட வாகனத்தில் ஏறச் சொல்லவில்லை. படிப்பிக்கிற ஆசிரியர், கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தர், அம்மாவுக்குத் தெரிந்த ஓட்டோ அண்ணை என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் பாதையில் நான்கைந்து பேரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். அம்மாவோடு இருந்து எழுதுங்கள். நடக்க முடியாத வருத்தம் என்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2018இலிருந்து வடமாகாணத்துக்கும் அந்த அம்புலன்ஸ் வருகிறது, காசு இல்லை. அதில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். அப்போது பூட்டைப் போட்டுவிட்டு ஏறுங்கள். மிச்சத்தைச் சங்கம் பார்க்கும் என்று இப்போதுதான் சொன்னோம்.

ஆஸ்பத்திரிப் பக்கத்து வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நோயாளி மாற்றப்பட்டால் அவருடைய சைக்கிளுக்கு ஒரு துண்டு கட்டி, கூரைக்குக் கீழே பூட்டி வைக்கும் ஏற்பாட்டை எங்களுடைய இடத்தில் தொடங்கியிருக்கிறோம். பத்தடி தகரம், ஒரு சங்கிலி, ஒரு கொப்பி. சிற்றூழியர் தம்பி ஒருவர் கொப்பியைப் பார்த்துக்கொள்கிறார். நெஞ்சுவலிக்காரர் கையில் அந்தத் துண்டைக் கொடுத்ததும் அவர் முகம் மாறுகிறதைப் பார்க்க வேண்டும். அம்புலன்ஸில் தானாகவே ஏறுகிறார்.

பேச்சு நீண்டுவிட்டது, சாப்பாட்டு நேரமும் நெருங்குகிறது. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதிபர் அம்மாவின் காரை மண்டப வாசலில் நிறுத்தியிருக்கிறோம். அனுமதி வாங்கியாயிற்று. அவ கொஞ்சம் பயந்தபடிதான் தந்தா. பழைய பெட்சீற் கொண்டுவந்திருக்கிறோம், ஒரு கீறலும் விழாது அம்மா. அக்கராயன் ரீச்சர் சாவியோடு வெளியே நிற்கிறா. முதலில் சைக்கிள் பெறும் தங்கச்சி, நீங்கள் வாங்கோ. நாங்கள் கை வைக்க மாட்டோம், சொல்லித்தான் தருவோம். முன்சில்லு நட்டிலிருந்து தொடங்குங்கோ.